முழுத்தலையும் அரைத்தலையும்

படகுத்துறையில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார் எவருமிலர். தலைக்காரர் என்றால்தான் தெரியும். அவர் மனைவி தலைக்காரம்மா. அவர் அலுவல் பார்த்த தகரக் கூண்டு தலைக்கடை. முடிதிருத்தும் நிலையமோ, ஆட்டிறைச்சி விற்குமிடமோ என்று ஐயுற்று வெளியூரார் ஒதுங்கிப் போனதும் உண்டு. இரண்டுமன்று. கடலுக்குள் தலையை விடுவோரிடம் நகர மன்றத்தின் சார்பில் கட்டணம் வாங்கும் இடம் அது.

கட்டணம் வாங்கியவர் தம் தலையை ஒருநாளும் கடலுக்குள் விட்டவரல்லர். அலையோசை கேட்டே வளர்ந்தவர்தாம். எனினும் முழங்காலுக்கு மேல் உப்புநீர் பட அவர் இசைந்ததில்லை. சிறுவயதில் ஓர் அலை அவரைக் குப்புறத் தள்ளிவிட்டுத் தன் வழியே திரும்பிப் போயிற்று. மன்னிப்பும் கேட்கவில்லை, மறுபடி தள்ளமாட்டேன் என்று உறுதியும் தரவில்லை. அன்றுமுதல் மேலதிகாரியைப் பார்ப்பது போலவே கடலையும் பார்த்தார்: எட்ட நின்று, பணிவோடு, என்ன கேட்கப்போகிறதோ என்ற கலக்கத்தோடு.

நகர மன்றத்தில் அவர் பார்க்காத பிரிவு இல்லை. நாய்களுக்கு உரிமவில்லை கட்டும் பிரிவில் இருந்தார், அது மூடப்பட்டது. மிதிவண்டி வில்லைப் பிரிவுக்குப் போனார், அதுவும் மூடப்பட்டது. தெருக்குழாய்ப் பிரிவிலும் அவர் அடிவைத்தபின் குழாய் வற்றியது. குற்றம் அவருடையதன்று, மன்றத்தின் ஊழ் அவருடைய ஊழோடு கைகோத்து நடந்தது, அவ்வளவே. இறுதியாகப் படகுத்துறைக்கு வந்தார். அங்கே மட்டும் ஒரு பேறு வாய்த்தது. கட்டணக் கூண்டுக்குப் பின்சுவராக ஒன்றரை அறை கொண்ட குடியிருப்பு ஒன்று இருந்தது. அது அந்தப் பணிக்கே உரியது. பணி உள்ளவரை வீடு.

அந்த வீட்டுக்கும் கூண்டுக்கும் இடையே சுவரில் ஒரு சிறு திறப்பு உண்டு. அதன் வழியே தேநீர் வரும். காலியான குவளை போகும். கூண்டில் பேசப்படும் பேச்செல்லாம் ஒன்றுவிடாமல் அடுக்களைக்குப் போகும்.

கட்டணம் பிறந்த வரலாற்றையும் சொல்லவேண்டும்.

துறையிலிருந்து படகில் சற்றுநேரம் போனால் பவளப்பாறை. தொலைதூரத்து மக்கள் அதைக் காண வருவர். ஒருசாரார் முதுகில் காற்றுருளை கட்டி ஆழத்துக்கு இறங்குவர், அது ஸ்கூபா. மற்றொரு சாரார் வாயில் குழாயைக் கவ்வி, முகத்தைக் கவிழ்த்து, மேலே மிதந்தபடி கீழே பார்ப்பர், அது ஸ்நோர்கல். இருசாராரும் இதை இலவசமாகவே செய்துவந்தனர் என்பது ஒருநாள் நகர மன்றத்துக்குத் தெரியவந்தது. மன்றம் துயருற்றது. கடல் மன்றத்து எல்லைக்குள் கிடக்க, அதற்குள் பிறர் வந்து காரணமின்றி மகிழ்வதா? கட்டணம் விதிப்பதென்று ஒருமனதாய் முடிவாயிற்று. அறிவிப்பு நல்ல தமிழில் அமையவேண்டும் என்றார் மன்றத் தலைவர். சொல்லாட்சிக்குப் பேர்போனவர் செயல் அலுவலர். அவர் நெடுநேரம் சிந்தித்து எழுதித் தந்த வாசகம், இரும்புப் பலகையில் வெள்ளை எழுத்தில், துறையின் முனையில் நின்றது:

மூழ்குவதற்குக் கட்டணம் உண்டு.
மூழ்கியபின் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது.
மகிழ்வுடன் மூழ்குக.

தாயொருத்தி இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை இருகையிலும் பற்றிக்கொண்டு விடுதிக்கே திரும்பிப் போனாள். இளைஞர்கள் பலகையருகே கண்களை மேலே செருகி, நாக்கை வெளியே தள்ளிப் படம் எடுத்துக்கொண்டனர். தலைக்காரர் மனைவியின் தமையன் துறையில் சொந்தப் படகு ஓட்டுபவர்; கட்டணம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அவர் பலகைக்கு முன் கைகட்டி நின்று வாய்விட்டுப் படித்தார்.

"மாப்ள, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு."

"என்ன மச்சான்?"

"பொணத்த எங்க வாங்கிக்கணும்னு போடலையே."

தலைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்து எதுவாயினும் படிக்காமல் கடக்கமுடியாத இயல்பு அவருடையது. மருந்துச் சீட்டும், பொட்டலம் கட்டிய தாளும், பூட்டில் பொறித்த எழுத்தும் அவர் கண்ணுக்குத் தப்பா. அவர் காவலில் விடப்பட்ட எழுத்தோ அந்தப் பலகை. நாள்தோறும் காலையில் ஈரத்துணியால் மூன்று வரியையும் துடைத்த பிறகே கூண்டைத் திறப்பார்.

முதல் வழக்கு மிதப்போரிடமிருந்து வந்தது. "நாங்க எங்கங்க மூழ்கறோம்? மேலதான மிதக்கறோம்?" என்றனர். அதில் நியாயம் இருந்தது. மன்றம் கூடி, 'மூழ்குவோர்' என்பதை நீக்கி, 'நீருக்குள் தலை செல்லும் எவரும்' என்று திருத்தியது. அடுத்த வாரமே விடுமுறைக்கு வந்த வழக்கறிஞர் ஒருவர் கூண்டின் முன் குனிந்து தம் பின்மண்டையைக் காட்டினார். முகம் நனைந்திருந்தது, பின்மண்டை உலர்ந்திருந்தது. "இதுல பாதித்தலைதான் உள்ள போச்சு. பாதிக்கு எப்படி முழுக் கட்டணம்?" என்று கேட்டார். மன்றம் மறுபடி கூடியது. உறுப்பினர் அனைவரும் தத்தம் பின்மண்டையைத் தடவிப் பார்த்து, அப்படியும் ஒரு பகுதி இருப்பதை ஒப்புக்கொண்டனர். காற்றுருளையோடு ஆழம் போவோர் முழுத்தலை. மிதந்து பார்ப்போர் அரைத்தலை. படகிலேயே அமர்ந்திருப்போர் உலர்தலை. முன்னதற்கு முழுக் கட்டணம், இடையதற்குப் பாதி, பின்னதற்கு இல்லை.

அதன்பின் துறையின் பேச்சே மாறிப்போயிற்று.

"ரெண்டு முழுத்தலை, மூணு அரைத்தலை குடுங்க."

"இவங்க?"

"மாமியாருங்க. உலர்தலை. போட்ட விட்டு எறங்கமாட்டாங்க."

"நானும் அரைத்தலை போடறேனே மாப்பிள்ள?"

"உங்களுக்கு எதுக்கு அத்த? ஏற்கனவே தலைவலி."

பழைய பலகையை அகற்றச் சொல்லி ஆணை பிறந்தது. ஆணை மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கையில் ஒரு புயல் வந்து, எவர் கையொப்பமும் கேளாமல், பலகையைப் பெயர்த்துக் கடலுக்குள் எறிந்துவிட்டது. 'இயற்கையாக அகற்றப்பட்டது' என்று குறித்து மன்றம் நிம்மதி அடைந்தது. தலைக்காரர் மட்டும் சில காலைப்பொழுதுகள் ஈரத்துணியோடு வெறுங்கம்பத்தின்முன் நின்றார்.

இவ்வாறு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் செயல் அலுவலர் கூண்டுக்கு நேரில் எழுந்தருளும்வரை.

"என்னய்யா இது, வர்றவன் எல்லாம் அரைத்தலையாவே வர்றான்? முழுத்தலையே இந்த உலகத்துல இல்லையா?"

"வாங்கறப்ப அரைதான் சார் வாங்கறாங்க."

"உள்ள போயி? மூச்ச அடக்கிக்கிட்டு முழுசா முங்கறாங்களாமே?"

"அதுங்க சார்... இங்கேர்ந்து பாத்தா முதுகுதான் தெரியுது. சில நேரம் முதுகும் தெரியாது."

"முதுகு தெரியலேன்னா என்ன அர்த்தம்?"

"வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்குவேன் சார்."

செயல் அலுவலர் தம் தலையைத் தடவிக்கொண்டார். தடுப்பதற்கு அங்கே முடியில்லை. கை வழுக்கிப் பிடரிவரை சென்று நின்றது.

"இனிமே நெனக்கக் கூடாது. பாக்கணும். வர்ற திங்கக்கெழம நானே வர்றேன். நீங்க கடல்ல எறங்கி, தலைய உள்ள விட்டு, கண்ணால பாத்து, அரைச் சீட்டு வாங்கிட்டு முழுசா முங்கற ஒருத்தனையாவது புடிச்சுக் குடுக்கணும். முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க. தலைவரோட மச்சினிச்சி பையன் இருக்கான். நீச்சல்ல கப்பு கப்பா வாங்கியிருக்கான். வேலையும் வீடும் அவனுக்குன்னு எழுதிடறேன்."

சுவருக்கு அப்பால் குவளை ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

அந்த வீடு தலைக்காரம்மாவின் கைவேலை. படகுக்கு அடித்து எஞ்சிய நீலச்சாயம் சுவரில். உடைந்த படகின் பலகை அடுக்களையில் தட்டாக. அரை அறையில் ஒரு கட்டில் போட்டால் கதவு திறவாது என்பதால் கதவைக் கழற்றித் திரைச்சீலை தொங்கவிட்டிருந்தாள். இங்கு வருமுன் அவர்கள் அவளுடைய அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அண்ணி கெட்டவளல்லள். தண்ணீர் மோட்டாரைப் போடும்போதெல்லாம் மாடிப்படியின் கீழ் நின்று, "மேல குளிச்சாச்சா?" என்று கேட்பாள், கேள்வி அவ்வளவுதான். அதற்கு ஆம் என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் குற்றம். அந்தக் குரல் இன்றும் தலைக்காரம்மாவின் கனவில் வந்து மோட்டார் போட்டது.

"நான் மறுபடி அந்த மாடிக்குப் போகமாட்டேன். சொல்லிட்டேன்," என்றாள்.

"எனக்கு மட்டும் ஆசையா? கடல்ல எறங்கச் சொல்றாங்களேடி."

"எறங்குங்க."

"தலைய உள்ள விடச் சொல்றாங்க."

"விடுங்க. ஊரான் தலையெல்லாம் தெனம் உள்ள அனுப்பறீங்கல்ல? ஒருத்தராவது திரும்பி வராம இருந்திருக்காங்களா?"

"அவங்கல்லாம் பழக்கப்பட்டவங்க. என் தலை போயிடுச்சுன்னா?"

அவள் சற்று யோசித்தாள். "தலை போனா வீட்ட காலி பண்ணச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

"அப்ப போகக் கூடாது. பத்திரமா விட்டுட்டுப் பத்திரமா எடுங்க."

மறுநாள் அவள் அண்ணன் படகுக்காரர் வந்தார். தங்கை கணவரின் பணி பறிபோவதில் கட்டண எதிரியாகிய அவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும். முகத்தில் அதைக் காணோம்.

"நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கே வந்துட்டா எனக்கு ரொம்ப சந்தோஷம், மாப்ள," என்று பல்பிடுங்கப்படுகிறவர் குரலில் தொடங்கினார். தங்கை அவரையே பார்த்தாள். "அம்மாடி, அப்படிப் பாக்காத. நீயும் உங்க அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தப்ப நான் எங்க படுத்தேன்? போட்ல படுத்தேன். இப்ப எனக்கு முதுகு புடிச்சுக்குது. போட்ல படுக்க முடியாது. மாப்ள, எந்திரிங்க. ஒரு பக்கெட்டு தண்ணி கொண்டாம்மா."

தலைக்காரரின் பயிற்சி வாளியில் தொடங்கிற்று. முகமூடிக் கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் திணித்து, தரையில் மண்டியிட்டு, வாளிக்குள் முகத்தை இறக்கினார். முதல்முறை மூக்கு நுனி நனைந்தது. இரண்டாம் முறை நெற்றி.

"அண்ணே, காது வெளியவே இருக்கு. கால்தலைதான் போயிருக்கு," என்று மேலிருந்து மதிப்பிட்டாள் மனைவி.

"கால்தலைக்குக் கட்டணம் என்ன மாப்ள?"

வாளிக்குள்ளிருந்து விடை குமிழிகளாக வந்தது.

திங்களும் வந்தது. செயல் அலுவலர் மெருகேற்றிய காலணியும் விரித்த குடையுமாகப் படகின் நடுவே அமர்ந்தார். அவர் பக்கத்தில் இடுப்பில் கயிறு கட்டப்பட்டவராய்த் தலைக்காரர். கயிற்றின் மறுமுனை மைத்துனர் கையில். பலிக்குப் போகும் உயிருக்கும் அத்துணை அமைதி வாய்த்திராது. பாறையை அடைந்து படகு நின்றது. சுற்றிலும் அரைத்தலைகள் பூசணிக்காய்போல் மிதந்துகொண்டிருந்தன. பக்கவாட்டில் இரும்பேணி இறக்கப்பட்டது.

"எறங்குங்க," என்றார் செயல் அலுவலர்.

"சார்... சீட்டு?"

"எந்தச் சீட்டு?"

"தலைய விட்டா யாரா இருந்தாலும் சீட்டு வேணும்னு விதி சார். மன்றத்து ஆளுக்கு விலக்குன்னு போடலையே."

சொன்னவர் விதியில் பற்றுடையவராய்ச் சொல்லவில்லை. கரை திரும்ப ஒரு வழி கிடைக்காதா என்ற நப்பாசையில் சொன்னார். செயல் அலுவலரோ தாம் எழுதிய விதியின் உறுதியைத் தாமே வியந்தார்.

"விலக்கு வேணும்னா தீர்மானம் போடணும். தீர்மானம்னா கூட்டம் கூட்டணும்..."

"அப்ப இன்னிக்குத் திரும்பிடலாமா சார்?"

"எதுக்கு? ஒரு அரைத்தலை வாங்கிக்குங்க."

தலைக்காரர் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். தம் சட்டைப்பையிலிருந்து தம் கைக்குப் பணம் கொடுத்தார், எண்ணி வாங்கினார், சீட்டைக் கிழித்து முத்திரை வைத்துத் தமக்கே நீட்டினார். பிறகு வழக்கம்போல், "படகில் ஏறும்போது காட்டவும்" என்று முணுமுணுத்தார்.

"நீங்க சார்?" என்று படகுக்காரர் அலுவலரைக் கேட்டார்.

"நான் உலர்தலை."

"அது பாத்தாலே தெரியுது சார்," என்றார் படகுக்காரர், குடைக்குக் கீழ் மின்னிய வழுக்கையைப் பணிவோடு நோக்கி.

தலைக்காரர் இறங்கினார். முழங்காலைத் தாண்டியது நீர், இடுப்பைத் தாண்டியது, மார்பைத் தொட்டது. ஏணியை இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தைக் கவிழ்த்தார். ஒன்றும் நேரவில்லை. குழாய்வழியே தம் மூச்சு வந்துபோகும் ஓசை, உறங்கும் குழந்தையின் ஓசைபோல், காதருகே கேட்டது. கண்ணைத் திறந்தார்.

கீழே ஒரு நாடு இருந்தது. மானின் கொம்புபோல் கிளைத்தும், மடல் விரித்தும், மூளைபோல் சுருண்டும், பொன்னும் நீலமும் குருதிச்சிவப்புமாய்ப் பவளம் படர்ந்து கிடந்தது. வெயில் நீரினூடே இறங்கி வலைபோல் அதன்மேல் அசைந்தது. வெள்ளிக்காசை வாரி இறைத்தாற்போல் ஒரு மீன்கூட்டம் திரும்பியது. திரும்பிய கணத்தில் கருத்தது. மறுகணம் மீண்டும் ஒளிர்ந்தது. மஞ்சள் மீனொன்று அவர் கண்ணாடிக்கு நேரே வந்து நின்று, சீட்டுக் கேட்கும் பாவனையில் வாயைத் திறந்து மூடிற்று. இத்தனை காலமும் எதற்குக் கட்டணம் வாங்கினோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வாங்கியது குறைவு என்று தோன்றியது. வாங்கியதே பிழை என்றும் தோன்றியது. எந்தத் தலை முழுது, எந்தத் தலை அரை என்று எண்ணும் எண்ணமே அவரை விட்டுப் போயிற்று.

அப்பொழுதுதான் அதைக் கண்டார். ஏணிக்கு நேர்கீழே, பாறையின் மடியில் சாய்ந்து கிடந்தது பழைய பலகை. மூழ்குவதற்குக் கட்டணம் உண்டு. எழுத்து மங்கவில்லை. மூழ்கியபின் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. அதுவும் தெளிவு. மூன்றாம் வரியைப் பாசி மூடியிருந்தது. 'மகிழ்' என்பது வரைதான் தெரிந்தது.

எழுத்தைப் பாதியில் விட்டுப்போக அவரால் இயலுமா? ஏணியில் ஒருபடி இறங்கினார். மேலும் ஒருபடி. கையை நீட்டினார்; எட்டவில்லை. இன்னும் ஒருபடி. தலைக்கு மேலே கடல் மூடிக்கொண்டதை அவர் அறிந்தாரில்லை. காலைதோறும் துடைத்த கை, தானே போய்ப் பாசியை வழித்தது. மகிழ்வுடன் மூழ்குக. படித்து முடிக்கவும் குழாய் நிறைய உப்புநீர் தொண்டைக்குள் பாயவும் சரியாக இருந்தது.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. இருமித் தும்மி, கண்ணாடி கோணி, மூக்கொழுக அவர் மேலே வந்தபோது முதலில் கேட்டது செயல் அலுவலரின் உவகைக் கூச்சல்.

"முழுத்தலை! முழுத்தலை! நான் என் கண்ணால பாத்தேன்! உச்சி முடி கூடத் தெரியல! எந்தச் சீட்டு நீங்க வாங்கினது?"

"அரை... சார்..."

"போனது?"

"முழுசாவே போயிடுச்சு சார்."

"ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் சார்."

"அப்பாடா! முதல் கேஸு!" குடையைக்கூட மடக்கிவிட்டார் அலுவலர். "சரி, மத்தவன்ல எத்தன பேரு முங்கினான்?"

"பாக்கல சார்."

"பின்ன என்னத்தய்யா பாத்தீங்க இவ்வளவு நேரம்?"

தலைக்காரர் ஏணியில் தொங்கியபடி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மீன் சார்," என்றார். பிறகு, அது போதாதென்று கருதியவராய், "நெறைய மீன்," என்றார்.

அடுத்த கூட்டத்தில் செயல் அலுவலர் அறிக்கை வாசித்தார். மேற்கொண்ட ஒரே ஆய்வில் மீறல் கையும் தலையுமாகப் பிடிபட்டது, மீறியவர் உள்ளூர்க்காரர், குற்றத்தை மறுக்கவில்லை, அபராதம் அன்றே பெறப்பட்டது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினர். கட்டணம் விதித்த நாள்தொட்டு ஒரு மீறலையும் காணாத மன்றத்துக்கு இது கண்பெற்றாற்போலாயிற்று. இத்தகைய விழிப்புடைய ஊழியரைப் படகுத்துறையினின்று அசைப்பது அறமன்று என்று தலைவரே மொழிந்தார். மீறியவரும் பிடிக்கக் காரணமானவரும் ஒருவரே என்பதை எவரும் கேட்கவில்லை. செயல் அலுவலரும் சொல்லவில்லை. வேலை நிலைத்தது. வீடும் நிலைத்தது. நீச்சற்கோப்பைகள் வென்ற இளைஞர் வெறுங்கையோடு போகலாகாதே? கடலில் இறங்காதோரைக் கணக்கிட உலர்தலைப் பிரிவு என்று ஒன்று புதிதாகத் தோற்றுவிக்கப்பட்டது. விடுதி முகப்பில், குளிரூட்டிய அறையில், அவர் இன்றும் அமர்ந்து கரையில் இருப்போரை எண்ணிவருகிறார்.

செய்தி கேட்ட படகுக்காரர் தம் முதுகை நிமிர்த்தி நெட்டி முறித்தார். "தலை தப்பிச்சது," என்றார். அது எவருடைய தலை என்று அவர் விளக்கவில்லை.

ஆனால் தலைக்காரம்மாவுக்கு வேறொரு தொல்லை மூண்டது. கூண்டு திறக்குமுன் கணவர் நாள்தோறும் முதற்படகில் போய்வரத் தொடங்கினார். போகுமுன் தமக்கொரு முழுத்தலை. தவறாமல் பணம் கட்டி. வரும்போது தலை சொட்டச் சொட்ட, காதில் மணலோடு வருவார்.

"தூத்தலுக்கே குடை புடிக்கிற மனுஷன் நீங்க! தெனம் தலைமுழுகிட்டு வர்றீங்களே, என்னையும் சேத்துத் தலைமுழுகிட்டீங்களா?" என்று திறப்பின் வழியே கேட்பாள். "அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"மீனு. அப்பறம் நம்ம பழைய பலகை."

"மீனு சந்தையிலயும் இருக்கு."

"இது வேற மாதிரி."

"எந்த மாதிரி?"

அவர் வாயைத் திறப்பார். மஞ்சள் மீனைப்போல் மூடிக்கொள்வார். தேநீர் ஆறிப்போகும்.

ஒருநாள் முற்பகல். வரிசையில் நின்றோரை நிமிர்ந்து பாராமலே சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன தலை?"

"ஒண்ணு."

"முழுசா, அரையா?"

"பலகையப் பாக்கணும். எதுல போனா தெரியும்?"

தலைக்காரர் நிமிர்ந்தார். சுவர்த் திறப்பின் வழியாகவே அவர் பார்த்துப் பழகிய முகம், அன்றுதான் முதன்முறையாகப் பொதுமக்கள் நிற்கும் பக்கத்தில் நின்றது. கையில் சுருக்குப்பை. தலையை இறுக முடிந்து ஊசி குத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் கயிறோடு அவள் அண்ணன், எங்கோ பார்ப்பதுபோல்.

"முழுசாவே வாங்கிக்க," என்றார், சீட்டைக் கிழித்தபடி. "அரையில போனா கடைசி வரி தெரியாது."

அவள் பணத்தைச் சாளரத்தில் வைத்தாள், விரலை எடுக்கவில்லை.

"புடிக்கலேன்னா திருப்பித் தருவீங்களா?"

"மூழ்கினப்புறம் தர்றதில்ல," என்றார் அவர், முத்திரையை ஓங்கிக் குத்தி. "கீழ போயிப் படிச்சுப் பாரு. எழுதியிருக்கு."